இறுக்கம் சரி, பிடிப்பு இல்லை: ஓர் அம்பாசிடரின் ஹெட் கேஸ்கெட் இரண்டு முறை போன கதை

ஒரே இன்ஜினில் ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு ஹெட் கேஸ்கெட்கள் ஊதிப்போயின. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். இரண்டு முறையும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வைத்துத்தான் இறுக்கியிருந்தார்கள். ரெஞ்சில் வைத்த அளவும் தவறில்லை. கேஸ்கெட் மலிவுச் சரக்கு என்று பட்டறைக்காரர் சொன்னார். ஹெட் வளைந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று மூன்றாமவர் கைவிரித்தார். மூன்றும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கழற்றிப் பார்த்தபோது கிடைத்த விடை வேறு.

வண்டியும் அதன் வரலாறும்

1970களின் தொடக்கத்தில் வந்த அம்பாசிடர் மார்க் 2. கோயம்புத்தூரில் ஒரே குடும்பத்தில் கைமாறாமல் இருக்கும் வண்டி. இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வகையைச் சேர்ந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலும் எம்ஜி ஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடிய அதே இன்ஜின்தான் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாராகி நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகள் வரை வந்தது.

இந்த வண்டிக்கு முழு ஓவர்ஹால் நடந்தது. போரிங் செய்து புது பிஸ்டன் போட்டார்கள், வால்வுகளை அரைத்தார்கள், புது ஹெட் கேஸ்கெட் வைத்துப் பூட்டினார்கள். சமவெளியில் சில மாதங்கள் குறையில்லாமல் ஓடியது. பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது பர்லியாருக்கு அருகில் இழுவை குறைந்து, இன்ஜின் விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியது. இறங்கி வந்து ஹெட்டைத் திறந்தால் 2ஆம், 3ஆம் சிலிண்டர்களுக்கு நடுவில் கேஸ்கெட் கருகியிருந்தது. புது கேஸ்கெட் வைத்துப் பூட்டினார்கள். பழைய ஸ்டட்டுகள் (பிளாக்கில் திருகி நிற்கும், இரு முனையிலும் மரை, அதாவது திருகுப் புரி, உள்ள கம்பிகள்), பழைய நட்டுகள், பழைய வாஷர்கள் அப்படியே.

இரண்டாவது கேஸ்கெட் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. இதற்கிடையில் மேலே டேப்பெட் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று ராக்கர் ஷாஃப்டை (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் ராக்கர்களைத் தாங்கும் தண்டு) மாற்றினார்கள். அதற்குச் சில வாரங்களில் ரேடியேட்டரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. ஆயில் மோர் நிறத்துக்கு வந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தபோது 1, 4 சிலிண்டர்களில் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கு மேல் காட்டியது. 2, 3 இரண்டிலும் 60க்குக் கீழே. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தால் வால்வைத் தேட வேண்டியதில்லை. அவற்றுக்கு நடுவில் உள்ள கேஸ்கெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் வண்டி எங்களிடம் ஆய்வுக்கு வந்தது.

உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் செய்த ஒரு காரியம் இந்த ஆய்வையே சாத்தியமாக்கியது: முதலில் போன கேஸ்கெட்டைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்திருந்தார். "காசு கொடுத்து வாங்கியது, எதற்கு எறிய வேண்டும் என்று வைத்தேன் தம்பி" என்றார். ஊதிப்போன கேஸ்கெட்டைப் போல உண்மை பேசும் சாட்சி இன்ஜினில் வேறு கிடையாது. பட்டறைகள் அதைத்தான் முதலில் குப்பையில் போடுகின்றன.

கழற்றும்போது கண்டவை

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு நட்டும் எவ்வளவு விசைக்கு நகர்கிறது என்று முள் காட்டும் பழைய வகை ரெஞ்சால் அளந்தோம். சொடுக்கொலி தரும் வகை ரெஞ்ச் இதற்கு உதவாது. வைத்த அளவைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும். பி-சீரிஸ் ஹெட்டில் மொத்தம் 11 நட்டுகள். எல்லாவற்றையும் ஒரே அளவில் இறுக்கியிருந்தால், அவிழ்க்கும்போதும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் அசைய வேண்டும். இங்கே சில நட்டுகள் கையால் லேசாக இழுத்ததுமே நகர்ந்தன. சில கிரீச்சிட்டுக்கொண்டு மூன்று நான்கு முறை துள்ளித் துள்ளி அவிழ்ந்தன. கிரீச்சிட்டவை எல்லாமே மரையில் துரு ஏறியவை.

வாஷர்கள் அடுத்த அதிர்ச்சி. இந்த இன்ஜினுக்கு வரவேண்டியது தடித்த, கடினப்படுத்திய வாஷர். இருந்ததோ கடைத்தெருவில் எடைக்கு விற்கும் மெல்லிய வாஷர். நட்டின் கீழ் அழுந்தி, நடுவில் குழிந்து, கிண்ணம்போல் ஆகியிருந்தது. நட்டுகள் மூன்று வகை. அவற்றில் சிலவற்றின் மூலைகள் மழுங்கியிருந்தன. இந்த இன்ஜினின் ஹெட் நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பேனர் வேண்டும், அதாவது 14.3 மில்லிமீட்டர். மெட்ரிக் பெட்டியில் உள்ள 14 ஏறாது, 15 ஆடும். ஆடுகிற 15ஐப் போட்டு இழுத்ததன் அடையாளம்தான் அந்த மூலைகள்.

ஸ்டட்டுகளைக் கழற்றி ஒரு புது நட்டை ஒவ்வொன்றிலும் விரலால் ஓட்டிப் பார்த்தோம். நல்ல ஸ்டட்டில் நட்டு கடைசிவரை ஒரே சீராக இறங்கும். இரண்டு ஸ்டட்டுகளில் பாதிவரை இறங்கி, ஓரிடத்தில் பிடித்தது. அந்த இடத்தில் மரையின் இடைவெளி நீண்டிருந்தது. எப்போதோ யாரோ அளவுக்கு மீறி இழுத்ததில் ஸ்டட் தன் மீட்சியை இழந்து நீண்டுவிட்டது. அப்படி நீண்ட ஸ்டட் மறுபடி சுருங்காது. சுருங்க முயலாத ஸ்டட் எதையும் பிடிக்காது.

பிளாக்கின் மேல் முகத்தில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தபோது, ஸ்டட் துளைகளைச் சுற்றி மெல்லிய மேடு தெரிந்தது. ஸ்டட்டை பிளாக்கில் திருகும்போது இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, முழு பலத்தோடு இறுக்கியிருக்கிறார்கள். ஸ்டட்டை விரலால் இறுகும் வரை திருகினால் போதும். மேலே நட்டு இழுக்கும்போது மரை தானே பிடித்துக்கொள்ளும். ஸ்பேனர் வைத்து அடியில் இறுக்கினால் துளையின் முதல் மரை மேலே இழுபட்டு, பிளாக்கின் முகம் மேடிடும். பிறகு ஹெட் அந்த மேடுகளின் மேல்தான் உட்காரும். கேஸ்கெட்டின் மேல் உட்காராது.

இனி கேஸ்கெட்கள். நுண்ணளவி (மைக்ரோமீட்டர்) வைத்து இரண்டின் கனத்தையும் சிலிண்டர் வளையங்களைச் சுற்றி அளந்தோம். முதல் கேஸ்கெட்டில், இரு ஓரங்களில் இருப்பதைவிட 2க்கும் 3க்கும் நடுவில் கனம் 0.06 மில்லிமீட்டர் கூடுதல். நடுவில் அது நசுங்கவே இல்லை என்று பொருள். விசாரித்ததில் பட்டறையில் முதலில் நான்கு மூலை நட்டுகளைப் பிடித்துவிட்டு, பிறகு உள்பக்கம் வந்திருக்கிறார்கள். சக்கரத்து நட்டுகளை எதிரெதிராக இறுக்கிப் பழகிய கை. ஹெட்டில் அந்தப் பழக்கம் நேர்மாறான பலனைத் தரும்: ஓரங்கள் முதலில் உட்கார்ந்துவிட்டால் நடுவில் உள்ள உப்பலுக்குப் போக்கிடம் இருக்காது.

இந்த இன்ஜினில் அந்த நடுப்பகுதிதான் எல்லாவற்றிலும் சூடானது. பி-சீரிஸ் ஹெட்டில் எட்டு வால்வுகளுக்கு ஐந்தே வழிகள். 2ஆம், 3ஆம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அருகருகே அமர்ந்து, ஒரே வழியில் புகையை வெளியேற்றுகின்றன. ஆக, வெப்பம் கூடிய இடத்தில் பிடிப்பு குறைந்திருந்தது. மலையேற்றம் அதை அம்பலப்படுத்தியது.

ரெஞ்சின் மேல் சந்தேகம்

அடுத்து எங்கள் சந்தேகம் ரெஞ்சின் மேல் திரும்பியது. பட்டறைக்காரர் மறுக்காமல் அதைக் கொடுத்தனுப்பினார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி கிடையாக நிற்கும்படி வைக்க வேண்டும். முனையின் மையத்திலிருந்து சரியாக 50 சென்டிமீட்டர் தள்ளி 14 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது 7 மீட்டர்-கிலோ, அதாவது 50.6 அடி-பவுண்டு. மளிகைக் கடையில் எடைக்கல் இரவல் வாங்கினோம். கைப்பிடியின் சொந்த எடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். ரெஞ்ச் சொன்னது சரிதான். நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் பிசகவில்லை. பன்னாட்டுத் தரம் 4 பங்கு வரை பிசகை அனுமதிக்கிறது. 5000 முறை பயன்படுத்திய பிறகோ ஆண்டுக்கு ஒருமுறையோ சரிபார்க்கச் சொல்கிறது.

அளவும் தவறில்லை. எம்ஜி ஏ காரில் வந்த 1489 சிசி இன்ஜினுக்கு அதன் கையேடு சொல்வது 50 அடி-பவுண்டு, ஏறத்தாழ 6.9 மீட்டர்-கிலோ, 68 நியூட்டன் மீட்டர். பட்டறையில் வைத்ததும் 50தான். வேறு வண்டிக்காரர்கள் தங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பி-சீரிஸ் குடும்பத்துக்குள்ளேயே எண்கள் மாறுகின்றன.

அப்படியானால் ரெஞ்ச் சரி, எண் சரி, ஆனால் கேஸ்கெட் நிற்கவில்லை. இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான்.

0.3 மில்லிமீட்டர்

நட்டை இறுக்குவது ஸ்டட்டை இழுத்து நீட்டுவதற்காக. நீண்ட ஸ்டட் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இழுவை. ரெஞ்ச் அளப்பதோ நட்டைத் திருகத் தேவைப்படும் விசை. இரண்டுக்கும் நடுவில் உராய்வு உட்கார்ந்திருக்கிறது. பொதுவாக நாம் செலுத்தும் முறுக்கில் பாதி, நட்டின் அடிமுகம் வாஷரோடு உரசுவதில் போய்விடும். நூற்றுக்கு இன்னொரு 40 பங்கு மரைகளின் உராய்வில் போகும். மீதி 10 பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும், இந்தக் கடைசி 10 பங்கு தலைகீழாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முறுக்கு என்பது இழுவை, ஸ்டட்டின் விட்டம், உராய்வு எண் மூன்றின் பெருக்கல். ஸ்டட் 3/8 அங்குலம். சுத்தமான, சாதாரண எஃகு மரைக்கு உராய்வு எண் சுமார் 0.2. 50 அடி-பவுண்டு செலுத்தினால் கிடைப்பது 8000 பவுண்டு இழுவை, ஒரு ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 3.6 டன். துரு ஏறிய மரையில் அந்த எண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். அதே 50க்கு இழுவை 2.4 டன்னாக விழுந்துவிடும். ரெஞ்ச் அதே சொடுக்கைத்தான் கொடுக்கும். மாறாக, மாலிப்டினம் கிரீஸைப் பூசி உராய்வு எண்ணை 0.12க்குக் கொண்டுவந்தால் இழுவை 6 டன்னைத் தொடும். சாதாரண ஸ்டட் அதைத் தாங்காமல் நீண்டுவிடும். நம் இன்ஜினில் நீண்டிருந்த அந்த இரண்டு ஸ்டட்டுகளுக்கு இப்படியொரு கதை இருந்திருக்கலாம். பழைய ஆண்டுகளில் யார் என்ன பூசினார் என்று இனி யாரால் சொல்ல முடியும்?

3.6 டன் இழுவையில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள 3/8 அங்குல எஃகு எவ்வளவு நீளும் என்றால், வெறும் 0.3 மில்லிமீட்டர். ஹெட்டைப் பிடித்திருப்பதெல்லாம் இந்த 0.3 மில்லிமீட்டர்தான். மரையின் இடைவெளி 1.06 மில்லிமீட்டர் என்பதால், நட்டு உட்கார்ந்த பிறகு கால் சுற்றுக்குச் சற்று மேல் திருகுவதிலேயே ஸ்டட்டின் நீட்சி முழுவதும் அடங்கிவிடுகிறது. கேஸ்கெட் நசுங்குவதற்காக நட்டு கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், அவ்வளவே.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கண்ட குறைகளை மறுபடி பார்த்தால் ஒவ்வொன்றும் அந்த 0.3இலிருந்து ஒரு பகுதியைத் தின்றிருப்பது தெரியும். புது கேஸ்கெட் முதல் வெப்பத்தில் அமுங்கும். அது 0.05 மில்லிமீட்டர் அமுங்கினால் ஆறில் ஒரு பங்கு இழுவை போயிற்று, ஒரு ஸ்டட்டுக்கு 600 கிலோ. மெல்லிய வாஷர் குழிந்து 0.1 மில்லிமீட்டர் இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. துளையைச் சுற்றியுள்ள மேடு நாளடைவில் நசுங்கினால் இன்னும் கொஞ்சம். ஓவர்ஹாலுக்குப் பிறகு முதல் சில நூறு கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்வது சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அமுங்கிய அந்த ஐந்து நூற்றிலொரு பங்கு மில்லிமீட்டரைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் அந்த வேலை. இந்த வண்டியில் இரண்டு முறையும் அதைச் செய்யவில்லை.

சிலிண்டருக்குள் வெடிக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ என்று கொண்டால், 73 மில்லிமீட்டர் விட்டத்தில் அது ஹெட்டைத் தூக்கும் விசை 1.7 டன். 11 ஸ்டட்டுகளும் சரியாகப் பிடித்தால் மொத்தப் பிடிப்பு 40 டன்னுக்கு அருகில். அவ்வளவு மிச்சம் இருக்கும்போது ஒரு ஸ்டட் தளர்ந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் பிடிப்பு மொத்தமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு ஸ்டட்டும் தன்னைச் சுற்றியுள்ள சிறிய வட்டத்தைத்தான் அழுத்துகிறது. ஓரத்தில் உள்ள ஸ்டட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் 2க்கும் 3க்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. போதாததற்கு அந்த 40 டன்னில் பெரும்பகுதி கேஸ்கெட்டை நசுக்கவே செலவாகிறது.

ரெஞ்சே தேவையில்லை, என் கைக்குத் தெரியும் என்று சொல்லும் மூத்த மெக்கானிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருடைய கை வியக்கத்தக்க அளவு துல்லியமானது என்பதும் உண்மை. ஆனால் கை உணர்வதும் முறுக்கைத்தான். ரெஞ்சை ஏமாற்றிய துரு அந்தக் கையையும் ஏமாற்றும். அவர்களுடைய இன்ஜின்கள் நின்றதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன்: பழைய தலைமுறை மெக்கானிக்குகள் மரையை டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு சொட்டு ஆயில் விடாமல் நட்டைத் தொட மாட்டார்கள்.

ராக்கர் ஷாஃப்ட் மாற்றிய நாள்

முதல் கேஸ்கெட் போனதற்கான காரணம் இவ்வளவில் விளங்கிவிட்டது. இரண்டாவது போனதற்கு இன்னொரு கை கூடியிருக்கிறது. அந்த இன்ஜினை வடிவமைத்தவர்களே அதைப் பற்றிக் கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள்.

பி-சீரிஸில் ராக்கர் ஷாஃப்டைத் தாங்கும் கால்களை எட்டு நட்டுகள் பிடிக்கின்றன. பார்ப்பதற்கு எட்டும் ராக்கருடையவை போலத் தெரியும். அவற்றில் நான்கு சிறியவை மட்டுமே ராக்கருக்கு உரியவை. மற்ற நான்கும் ஹெட்டைப் பிளாக்கோடு பூட்டும் நீண்ட ஸ்டட்டுகளின் நட்டுகள். அதாவது 11 ஹெட் நட்டுகளில் நான்கு ராக்கர் கால்கள் வழியாக வருகின்றன. ஏழு வெளியே நிற்கின்றன. ராக்கரைக் கழற்ற அந்த நான்கை அவிழ்த்துவிட்டு வெளியே உள்ள ஏழையும் தொடாமல் விட்டால், ஹெட் ஒருபக்கமாக இழுபட்டு வளையும். தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் கீழே ஆயில் சட்டிக்குள்ளும் இறங்கலாம். அதனால்தான் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றும்போதுகூட முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, 11 நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும் என்று அந்தக் கையேடுகள் சொல்கின்றன.

இந்த வண்டியில் என்ன நடந்தது என்று விசாரித்தோம். மூடியைத் திறந்து, எட்டு நட்டுகளை அவிழ்த்து, ஷாஃப்டை மாற்றி, எட்டையும் ரெஞ்சால் இறுக்கி, டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி) வைத்து, அரை நாளில் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீரை வடிக்கவில்லை, வெளி நட்டுகளைத் தொடவில்லை. வேலை சுத்தமாக இருந்தது, சத்தமும் போயிற்று. இரண்டாவது கேஸ்கெட்டில் பதிவு நீளவாக்கில் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்ததற்கும், ஒரு தண்ணீர்த் துளையின் விளிம்பில் கசிந்த தடம் இருந்ததற்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே மெலிந்திருந்த பிடிப்பு அன்றைக்கே விட்டுப்போயிருக்க வேண்டும்.

இந்தக் குற்றத்தை மெக்கானிக் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. இப்போது ஓடும் கார்களில் இப்படியொரு அமைப்பை அவர் பார்த்திருக்கவே மாட்டார். இரண்டு வேலைக்கு ஒரே ஸ்டட்டை வைத்தது பொறியாளர்களின் முடிவு. பழைய இன்ஜின்களில் இப்படிப்பட்ட பொறிகள் பல உண்டு. 1970 முதல் 1977 வரை வந்த டிரையம்ஃப் ஸ்டாக் காரின் வி-8 இன்ஜினில் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகளில் ஒரு வரிசை சாய்வாக நிற்கும். அலுமினிய ஹெட்டுக்குள் அவை அரித்துப் பிடித்துக்கொண்டால் ஹெட்டைக் கழற்றுவதே பெரும்பாடு. அதனோடு ஒப்பிட்டால் அம்பாசிடர்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

மறுபடி பூட்டியது

முதல் வேலை, ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை அகற்றுவது. பழைய கேஸ்கெட்களில் இரு செப்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் இருக்கும். அதைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்புவது நுரையீரலுக்கு நாமே வைக்கும் கொள்ளி. எண்ணெய் ஊற்றி நனைத்து, மழுங்கிய சுரண்டியால் எடுத்தோம்.

11 ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் புதிதாக மாற்றினோம். தடித்த கடின வாஷர்களை வாங்கினோம். கேஸ்கெட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது கூடுதல் செலவுதான். இரண்டு முறை ஹெட்டைக் கழற்றிய கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பிளாக்கில் உள்ள துளைகளில் மரையைச் சுத்தம் செய்யும் டேப் என்ற திருகுக் கருவியை ஓட்டினோம். வெட்டும் டேப்பைப் போட்டால் உலோகத்தைச் சீவி மரையைத் தளர்த்திவிடும். காற்றடித்துத் துளைகளைக் காயவைத்தோம். அடியில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் ஸ்டட் முழுவதும் இறங்காது. பலவந்தமாகத் திருகினால் பிளாக்கே விரிசல் விடும். மேடிட்ட முகத்தை நேர்த்தியான அரத்தால் சமன் செய்து, ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு மரை ஆழத்துக்குச் சரிவு வெட்டினோம். ஹெட்டை லேத்துக்காரரிடம் கொடுத்துச் சோதித்ததில் வளைவு 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தது. அரைக்கத் தேவை இருக்கவில்லை. ஹெட் வளைந்துவிட்டது என்று அடித்துச் சொன்னவர் இதைக் கேட்டும் நம்பவில்லை.

கேஸ்கெட்டில் எது மேல்பக்கம், எது முன்பக்கம் என்று அச்சிட்டிருக்கும். அதன்படி வைத்தோம். பிசின், பசை எதுவும் பூசவில்லை. மரையிலும் நட்டின் அடிமுகத்திலும் இன்ஜின் ஆயிலைத் தொட்டு வைத்தோம். எல்லா நட்டுக்கும் ஒரே அளவு ஆயில், அதுதான் முக்கியம். உராய்வை அறவே ஒழிக்க முடியாது. 11 இடத்திலும் ஒன்றுபோல் வைத்திருக்க முடியும்.

ராக்கரையும் உட்காரவைத்த பிறகுதான் இறுக்கத் தொடங்கினோம். நடுவில் உள்ள நட்டில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளிப்பக்கம் விரியும் வரிசை. ஒரே மூச்சில் 50க்குப் போகவில்லை. முதல் சுற்று 20, அடுத்தது 35, மூன்றாவது 50. ரெஞ்சைக் கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல், சொடுக்குக் கேட்கும் வரை ஒரே சீராக இழுக்க வேண்டும். கேட்ட பிறகு இன்னொரு முறை சொடுக்க வைப்பது பட்டறைகளில் பரவலான பழக்கம். ஒவ்வொரு முறையும் நட்டு இம்மியளவு நகர்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. ராக்கரின் நான்கு சிறிய நட்டுகளைத் தனியாக, அவற்றுக்குரிய குறைந்த அளவில் இறுக்கினோம். அவற்றையும் 50க்கு இழுத்து ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு.

இன்றைய கார்களில் குறைந்த முறுக்கில் இறுக்கிவிட்டு அதன் மேல் 90 டிகிரி திருப்பு என்று கோணக் கணக்குச் சொல்கிறார்கள். உராய்வின் தொல்லையிலிருந்து தப்ப அது நல்ல வழி. அந்த போல்ட்டுகள் மீட்சி எல்லையைத் தொடும்படி இழுபடவே செய்யப்பட்டவை. பெரும்பாலும் ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிந்துவிட வேண்டும். அந்த முறையை இந்தப் பழைய ஸ்டட்டில் செய்து பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

டேப்பெட் இடைவெளி வைக்க பி-சீரிஸுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முன்பக்கத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்துக்கொண்டால், எந்த வால்வு முழுதும் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9இலிருந்து கழித்தால் கிடைக்கும் வால்வின் இடைவெளியை வைக்கலாம். 8 திறந்திருந்தால் 1, 3 திறந்திருந்தால் 6. கையேடே இல்லாத பட்டறையிலும் இதைச் சொல்லித் தந்துவிடலாம்.

பிறகு

இன்ஜினை ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அணைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டோம். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் நட்டுகளை மறுபடி இறுக்கினோம். இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உட்கார்ந்துவிட்ட நட்டை அப்படியே இழுத்தால், நகரத் தொடங்கவே கூடுதல் விசை வேண்டும். நட்டு அசையாமலே ரெஞ்ச் சொடுக்கிவிடும். இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நாம் திருப்தியோடு அடுத்ததற்குப் போய்விடுவோம். அதனால் வரிசைப்படி ஒரு நட்டை மட்டும் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, உடனே 50 வரை இழுத்து, அதன் பிறகே அடுத்த நட்டைத் தொட்டோம். எல்லாவற்றையும் ஒருசேரத் தளர்த்தக் கூடாது.

தளர்த்துவதற்கு முன் ஒவ்வொரு நட்டின் நிலையையும் சுண்ணாம்புக்கோடு போட்டுக் குறித்திருந்தோம். மறுபடி 50க்கு வந்தபோது எல்லா நட்டுகளும் பழைய கோட்டைக் கடந்து கொஞ்சம் முன்னே நின்றன. ஓரங்களில் அந்த நகர்வு மிகச் சிறியது. நடுவில் உள்ள நட்டுகள்தான் அதிகம் நகர்ந்தன. கேஸ்கெட் அங்கேதான் அதிகம் அமுங்கியிருக்கிறது. முதல் கேஸ்கெட் எந்த இடத்தில் நசுங்காமல் நின்று கருகியதோ அதே இடம். நட்டுகள் கீழே இறங்கியதால் டேப்பெட் இடைவெளியும் மாறியிருந்தது. அதையும் மறுபடி வைத்தோம்.

வார்ப்பிரும்பு ஹெட் என்பதால் இந்த வேலை ஒருவகையில் எளிது. ஹெட்டும் பிளாக்கும் ஸ்டட்டும் வெப்பத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிகின்றன. பிரீமியர் பத்மினிக்காரர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அந்த ஹெட் அலுமினியம். சூட்டில் எஃகு ஸ்டட்டைவிட அதிகம் விரியும். சூடாக இருக்கும்போது இறுக்கினால் ரெஞ்சில் தெரியும் எண்ணுக்கும் ஆறிய பிறகு மிஞ்சும் பிடிப்புக்கும் தொடர்பே இருக்காது.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை அதே வரிசையில் சரிபார்த்தோம். இம்முறை நட்டுகள் கோட்டிலேயே நின்றன. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் 120க்கும் 128க்கும் இடையில் வந்துவிட்டது. உரிமையாளர் குன்னூர் ஏறிவிட்டு வந்தார்; ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, ஆயிலில் நிறமாற்றம் இல்லை. ராக்கர் மூடியின் உள்பக்கத்தில், ராக்கரைக் கழற்றுமுன் தண்ணீரை வடித்து 11 நட்டுகளையும் தளர்த்தவும் என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த முறை டேப்பெட் சத்தம் கேட்டு அந்த மூடியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அது கண்ணில் படும்.